கால்தான் சார்

எட்டு வினாடிப் படம்தான். காலை ஒன்பதேகாலிலிருந்து தவசீலன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் மட்டையைச் சுழற்றுகிறான், பந்து இடது பக்கம் தாழப் பறந்து தரையில் குத்தி ஓடுகிறது, தூரத்திலிருந்து ஓடிவந்தவன் குனிகிறான், பந்து அவன் கையுறைக்கு அடியில் நழுவிப் பின்னால் போகிறது, அவன் திரும்பி எடுத்து எறிவதற்குள் அடித்தவன் முதல் மூலையைக் கடந்து இரண்டாம் மூலையில் சறுக்கி விழுகிறான், புழுதி எழுகிறது, படம் நின்றுவிடுகிறது. 1974ஆம் வருடத்துப் புழுதி. அமெரிக்காவில் எந்த ஊர் என்று கோப்பில் எழுதியிருந்தது. துரைப்பாக்கத்தில் ஏழாவது மாடியில் ஏசி காற்று நேராகப் பிடரியில் படும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஊரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பேஸ்பால் பந்தை அவர் கையால் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் பழைய ஆட்டப் படங்களைப் பார்த்துப் பதிவைச் சரிபார்க்கும் இந்த வேலையில் ஆறு வருடமாக அந்த ஆட்டத்தைத்தான் தின்றுகொண்டிருக்கிறார். நாலு மூலை உள்ள ஆட்டம். அடித்துவிட்டு முதல் மூலையில் நின்றால் சாதாரண அடி. இரண்டாம் மூலைக்கு ஓடிவிட்டால் டபுள், மூன்றாவதற்கு ட்ரிப்பிள், முழுச் சுற்றும் வந்தால் ஹோம் ரன். இந்த மூன்றையும் கூட்டி எக்ஸ்ட்ரா பேஸ் என்று தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவன் ஆயுள் முழுக்க அப்படி எத்தனை அடித்தான் என்பதை அவன் செத்த பிறகும் எண்ணுகிறார்கள். பிடிப்பவன் தவறவிட்டதால் இரண்டாம் மூலை கிடைத்தது என்றால் அது டபுள் ஆகாது, சாதாரண அடியும் எதிராளியின் பிழையும்தான். எது என்று சொல்லவேண்டியவன் நடுவர் இல்லை. ஸ்கோரர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதைப் பயிற்சியில் சொன்னபோது தவசீலன் தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்துக் கையைத் தூக்கி மறுபடி கேட்டார். ஸ்கோரரா முடிவு பண்ணுவான்? ஆமாம் சார், ஸ்கோரர்தான், அவர் சொல்றதுதான் ரெக்கார்டு என்றாள் பயிற்சி கொடுத்த பெண். எந்த நாட்டில் என்ன மாதிரி மனிதர்கள் இதைக் கண்டுபிடித்திருப்பார்கள். நிழலில் உட்கார்ந்திருப்பவனை நம்பி.

புழுதியில் விழுகிறவன் பெயர் ரேமண்ட் கோவால்ஸ்கி. இப்போது எண்பத்தி மூன்று வயது, ஏதோ முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கலைந்துபோன ஒரு சிறிய தொழில்முறை லீகில் பதினைந்து வருடம் ஆடியவர், எக்ஸ்ட்ரா பேஸ் அறுநூற்றுப் பன்னிரண்டு. அந்த லீகின் சாதனை அறுநூற்றுப் பதின்மூன்று. ஒன்றுதான் குறைவு. அன்றைக்கு இருந்த ஸ்கோரர் இந்த அடியைப் பிழை என்று எழுதிவிட்டான் என்று கிழவர் ஐம்பது வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது யாரோ ஒருவருடைய பெட்டியிலிருந்து படச்சுருள் கிடைத்து, அது இங்கே வந்து, மூன்று பேரிடம் தனித்தனியாகத் தரப்பட்டிருக்கிறது. ஒருவர் டபுள் என்று சொல்லிவிட்டார், இன்னொருவர் பிழை என்று சொல்லிவிட்டார். மூன்றாவது தவசீலன். மதியம் ஒரு மணிக்குள் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். கிழவரின் கடிதமும் கோப்பில் இருந்தது. நடுங்கும் கையெழுத்து. முதல் மூலையில் நான் திரும்பும்போது பிடிக்க வந்தவன் இன்னும் பந்தைத் தொடக்கூட இல்லை, எனக்குத் தெரியும், நான்தானே ஓடினேன் என்று எழுதியிருந்தார். நான்தானே ஓடினேன். அந்த வரியைத் தவசீலன் நாலைந்து முறை படித்துவிட்டார். காலையில் வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்தது. மனைவி ஜெசிந்தா இட்லியை வைத்துவிட்டு, சட்னியை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஏங்க, அண்ணன் இன்னைக்கு வாராவளாம். சாயங்காலம் ஆறு மணிக்கு. மூத்தவளுக்குக் கல்யாணம், கார்டு கொண்டு வாராவ." அவர் இட்லியைப் பிய்த்தார். "செல்வினா?" என்றார், அவளுக்கு வேறு நாலைந்து அண்ணன்கள் இருப்பதுபோல. "பழசை எடுக்காதீங்க, என்ன. அவுகளே இறங்கி வாராவ." இருபத்துநாலு வருடமாகப் பேச்சில்லை. மாமியார் அடக்கத்தில்கூடக் கல்லறைத் தோட்டத்தின் அந்தப் பக்கத்தில் நின்றவன். இவர் கைப்பிடி மண் போடப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு கடல் இருக்கிற திசையைப் பார்த்தவன். இன்றைக்கு ஆறு மணிக்கு வந்து சோபாவில் உட்காரப்போகிறான். சொல்லிவிடலாமா? பஸ்ஸில் அதுதான் மனதில் ஓடியது. சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? ஜெசிந்தாவும் கேட்பாள். அவள் கேட்பாள் என்பதுதான். மத்திய கைலாஷ் சிக்னலில் பஸ் நின்றபோது சொல்வது என்று இருந்தது, நகர்ந்ததும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அம்பயர் காட்டினார், நான் எழுதினேன். இந்த வாக்கியத்தை அவர் முதலில் ஜெசிந்தாவிடம் சொன்னது கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால். பிறகு அவள் அப்பாவிடம். பிறகு சர்ச்சில் கேட்டவர்களிடம். நல்ல வாக்கியம். எங்கேயும் பொய்யில்லை. அம்பயர் காட்டினார். நான் எழுதினேன். தூத்துக்குடி மைதானத்தில் செல்வின் ஆடிய பந்து எல்லைக்குப் போனது, அம்பயர் நாலு என்று கையை ஆட்டிவிட்டு முட்டியைத் தூக்கித் தொட்டார், அப்படியென்றால் காலில் பட்டுப் போனது, ஆட்டக்காரன் கணக்கில் சேராது, உதிரி ரன். கிரிக்கெட்டில் ஸ்கோரருக்குக் கண் கிடையாது, கைதான் உண்டு. அம்பயர் என்ன காட்டுகிறாரோ அதைப் பார்த்தேன் என்று கையைத் தூக்கவேண்டும். தூக்குகிறவரை அம்பயர் ஆட்டத்தைத் தொடங்கமாட்டார், அங்கேயே நின்று மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு மேசையில் ஸ்கோரராக இருந்த தவசீலன் கையைத் தூக்கினார். அந்த சீசனில் செல்வின் ஐநூற்று எண்பத்தேழு ரன். அருணகிரி என்று இன்னொருவன் ஐநூற்று எண்பத்தொன்பது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஒரு இடம், சீசனில் அதிக ரன் எடுத்தவனுக்கு. அருணகிரி இன்னும் எட்டு வருடத்தில் ஓய்வு பெறுவான், பென்ஷன் வரும். செல்வின் உப்பளத்தில் எடை பார்க்கப் போனான். அந்த வெள்ளை வெயிலில் பதினைந்து வருடம் நின்று கண்ணில் புரை விழுந்தது என்று ஜெசிந்தா ஒருநாள் சொன்னாள், சொல்லிவிட்டு அடுப்பைத் துடைத்தாள். நாலைக் கூட்டினால் ஐநூற்றுத் தொண்ணூற்றொன்று. எந்த நேரத்தில் கூட்டினாலும் அதேதான் வருகிறது.

"இன்னா சார், அந்தாளு இன்னும் செகண்ட் பேஸுக்குப் போய்ச் சேரலியா? காலைலேர்ந்து ஓடிக்கினே கீறான்." பக்கத்து நாற்காலி முபாரக். முப்பது வயது, எதையும் நாற்பது வினாடியில் முடித்துவிடுகிறவன். தவசீலன் சிரித்தார். "கொஞ்சம் சிக்கலான கேஸ்." "சிக்கலே இல்ல சார். மேல பாருங்க, மெஷினே சொல்லுது." திரையின் மேல் மூலையில் சின்னதாகச் சிவப்பில் இருந்தது, பிழை அறுபத்துநாலு சதவீதம். "அத்தோட ஒத்துப் போயிட்டா உங்க அக்யூரசி ஸ்கோரும் எறங்காது. மார்ச்சுல கான்ட்ராக்ட் ரினீவல் வருது, ஞாபகம் கீதா? தொண்ணூத்தேழுக்குக் கீழ போனா அபிதா மேடம் கேபினுக்குக் கூப்ட்டு டீ குடுப்பாங்க. அந்த டீ குடிச்சவன் எவனும் திரும்பி வரல." தவசீலனுடைய ஸ்கோர் தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு. மெஷினோடு மாறுபட்டு, பின்னால் அது தவறு என்று வந்தால் புள்ளி மூன்று போகும். ஐம்பது வயதில் இன்னொரு வேலை தேடுவது. வாட்ச்மேன் வேலைக்கே நாற்பத்தைந்துக்குள் கேட்கிறான். மெஷின் காட்டியது, நான் அழுத்தினேன். அதுவும் நல்ல வாக்கியமாகத்தான் இருக்கிறது. எங்கேயும் பொய்யில்லை.

படத்தைப் பிரேம் பிரேமாக நகர்த்தினார். நூற்று மூன்றாவது பிரேமில் கோவால்ஸ்கியின் கால் முதல் மூலையில் படுகிறது. நூற்று இருபத்தேழில் பந்து கையுறைக்கு அடியில் நழுவுகிறது. நடுவில் ஒரு வினாடி. அந்த ஒரு வினாடியில் கோவால்ஸ்கி நான்கு எட்டு வைக்கிறான். நிற்க நினைக்கிறவன் மூலையைத் தாண்டியதும் எட்டைக் குறுக்குவான், தோளைத் திருப்புவான், அது எல்லா ஆட்டத்திலும் ஒன்றுதான். தூத்துக்குடியில் கட்டாந்தரை மைதானத்தில் ஓடியவர்களும் அப்படித்தான் ஓடினார்கள், செல்வினைத் தவிர. செல்வின் ஓடும்போது நிற்பது பற்றிய நினைப்பே அவன் உடம்பில் இருக்காது. நாலு எட்டுகளையும் திரையில் பிக்சல் கணக்கில் அளந்தார். நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று. குறையவே இல்லை. பந்து நழுவுவதற்கு முன்பே அவன் இரண்டாம் மூலைக்குப் போக முடிவுசெய்துவிட்டான். கிழவர் சொன்னது சரி. ஆனால் நழுவாமல் பிடித்து எறிந்திருந்தால்? மெஷின் அதைத்தான் கணக்குப் போட்டிருக்கிறது, பிடித்திருந்தால் எறி அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கும் என்று. பிடிக்கிறவனின் கால்களைப் பார்த்தார். வலது கால் குறுக்கே கிடக்கிறது, உடம்பின் கனம் முழுவதும் மைதானத்தின் ஓரக் கோட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. பிடித்திருந்தாலும் ஊன்றித் திரும்பித்தான் எறிந்திருக்க முடியும். அதற்குள் இவன் சறுக்கியிருப்பான். டபுள்தான். டபுள்தானா? இல்லை, டபுளாக இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேனா? விரல் சுட்டியின் மேல் அப்படியே நின்றது. இவருக்கு எதைப் பார்த்தாலும் வருகிற சந்தேகம் இது. சாலையைக் கடக்கும்போது லாரி தூரத்தில் இருக்கிறதா, தூரத்தில் இருப்பதாக நினைக்க ஆசைப்படுகிறோமா. டாக்டர் முகம் சுளித்தாரா. ஜெசிந்தா சிரித்தது சிரிப்புதானா. ஒரு முறை தெரிந்தே தப்பாகப் பார்த்துவிட்டால், பிறகு கண் சொல்வதை எந்த முகத்தோடு நம்புவது.

அம்பயர் காட்டினார், நான் எழுதினேன். மேசை ஆட்டத்தின் நேர்கோட்டில் இருந்தது, கிழிந்த தார்ப்பாய் நிழல். எதிரணி ஸ்கோரர் சிகரெட் பிடிக்கப் போயிருந்தான், எப்போதும்போல வந்து இவர் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்வான். கடல் காற்று இல்லாத மத்தியானம். சத்தம் கேட்டது. காலில் பட்டால் மெத்தையை அடிப்பதுபோல் ஒரு மொத்தல் கேட்கும். கேட்டது அது இல்லை. மெல்லிய மரச் சத்தம், உள்விளிம்பில், ஒரு கதவின் தாழ்ப்பாள் விழுவதுபோல. பந்து எல்லைக்குப் போனது. அம்பயர் கோதண்டராமன் சார் முட்டியைத் தொட்டார். செல்வின் மட்டையை உயர்த்திக் காட்டினான், சார் மட்டை சார், மட்டை என்று கத்தினான், சார் அவனைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார். இவர் கையைத் தூக்கினார். இதுவரை சரி. இதுவரை யாரிடமும் சொல்லலாம். இதற்கு முந்தைய நாள் ராத்திரிச் சாப்பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. ஜெசிந்தா வீட்டில் இறால் வைத்திருந்தார்கள், நிச்சயம் முடிந்து முதல் விருந்து, செல்வின் வாய் நிறையச் சோற்றோடு அவன் அப்பாவைப் பார்த்துச் சொன்னான். "பாத்தியளா அப்பா, பொண்ணு கேட்டு வந்திருக்கான். ஆயுசுல ஒரு பந்து அடிச்சதில்ல. நாங்க வெயில்ல ஓடுவோம், மாப்ளே நெழல்ல ஒக்காந்து கோடு போடுவாரு. என்னலே, சரிதானே?" எல்லாரும் சிரித்தார்கள். பாசமாகத்தான் சொன்னான், தோளில் கையைப் போட்டுக்கொண்டுதான் சொன்னான். ஜெசிந்தாவும் சிரித்தாள், சமையற்கட்டு வாசலில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. இவரும் சிரித்தார். இறால் நன்றாக இருந்தது. ஒன்றும் இல்லை. அதனால்தான் என்று சொல்லிவிடவும் முடியவில்லை.

"சார்." அபிதா பின்னால் நின்றிருந்தாள். டீம் லீட், மரியாதையான பெண், கோபம் வந்தால் இன்னும் மரியாதை கூடும். "அந்த ஃபைல் மட்டும்தான் பெண்டிங் சார். ஒரு மணிக்கு அனுப்பணும்." "பத்து நிமிஷம்மா." "உங்களுக்கே தெரியும் சார், சந்தேகம் இருந்தா சிஸ்டம் சொல்றதை எடுத்துக்கலாம். யாரும் உங்களைக் கேட்கமாட்டாங்க." யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டார்களே. ஒருவர் கேட்டார். அதைத்தான் இருபத்துநாலு வருடமாக அவர் வாக்கியத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார். அன்றைக்குத் தேநீர் இடைவேளையில் கோதண்டராமன் சார் கிளாஸோடு மேசைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், ஒருநாளும் யாரிடமும் சந்தேகம் கேட்காதவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "தவசி, அந்த நாலு. கால்லதானேடே பட்டுது? எனக்கு வெயிலு நேரா கண்ணுல அடிச்சிட்டு. அந்தப் பய வேற மட்டை மட்டைங்கான். நீ நேர்ல ஒக்காந்திருந்தியே. மட்டைன்னா சொல்லு, ஆட்டம் இன்னும் முடியல, மாத்திருவோம்." இவர் கையில் பிஸ்கட் இருந்தது. டீயில் நனைத்ததும் அது ஊறித் தொங்கியது, விழுந்துவிடும்போல இருந்தது, சட்டென்று வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே சொன்னார். கால்தான் சார். சார் முகம் தெளிந்துவிட்டது. "அதான் பாத்தேன்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். யாரும் பார்க்கவில்லை. எதிரணி ஸ்கோரர் அப்போதும் வரவில்லை. சார் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. அந்தக் கேள்வியைக் கேட்ட வாயும் இல்லை, பதிலைக் கேட்ட காதும் இல்லை, இவர் ஒருவர்தான் பாக்கி. மச்சானாக வரப்போகிறவனுக்குச் சாதகமாகச் சொன்னான் என்று ஊர் பேசும் என்கிற பயத்தில் சொன்னேன் என்று கொஞ்ச காலம் நம்பிப் பார்த்தார். நேர்மையாக இருக்கப் போய் அப்படி ஆகிவிட்டது என்று. அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிஸ்கட்டை விழுங்கியதும் நெஞ்சுக்குள் குளிர்ச்சியாக ஒன்று இறங்கியதே, அதை என்ன செய்வது. அன்று சாயங்காலம் சைக்கிளில் திரும்பும்போது அவர் பாட்டு முணுமுணுத்தார். செல்வினுக்கு வேலை போகும் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால்? தெரிந்திருந்தாலும் பாட்டு மட்டும்தான் இருந்திருக்காது.

மணி பன்னிரண்டு ஐம்பது. படத்தை ஒரு முறை முழுதாக ஓடவிட்டார். மட்டையைச் சுழற்றுகிறான், ஓடுகிறான். நாலு எட்டு. நிற்பது பற்றிய நினைப்பே இல்லாத உடம்பு. ஆசைப்பட்டால் என்ன, நான் ஆசைப்படாமல் இருந்தாலும் அந்த எட்டு நாற்பத்தொன்றுதானே. அளவுகோலுக்கு என் மேல் பாசம் கிடையாது. டபுளை அழுத்தினார். காரணம் எழுத ஒரு கட்டம் திறந்தது. பந்து நழுவும் முன்பே ஆட்டக்காரர் வேகம் குறையாமல் இரண்டாம் மூலை நோக்கி நான்கு எட்டு வைத்துவிட்டார் என்று அங்கே பழகிய ஆங்கிலத்தில் எழுதினார். மெஷினோடு மாறுபடுகிறீர்கள், உறுதியா என்று கேட்டது. உறுதி. ஒரு பச்சைக் கோடு ஓடி முடிந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு மறைந்து அறுநூற்றுப் பதின்மூன்று என்று மாறியது. அவ்வளவுதான், சத்தமே இல்லை. அங்கே இப்போது விடியவில்லை. கிழவர் தூங்கிக்கொண்டிருப்பார், எழுந்ததும் யாராவது சொல்வார்கள். "போட்டீங்களா, மெஷினுக்கு எதிரா?" முபாரக் எட்டிப் பார்த்தான். "செம தில்லு சார் உங்களுக்கு." தவசீலனுக்குக் கண்ணில் நீர் முட்டியது, ஏசிக் காற்று என்று துடைத்துக்கொண்டார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு மார்பு முழுக்க மூச்சு போனது. இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும். ஆறு மணிக்கு. செல்வின், சார் என்னைக் கேட்டார், நான் காலென்று சொன்னேன், மட்டை என்று எனக்குத் தெரியும். மூன்று துண்டு வாக்கியம், அவ்வளவுதான். அடிக்கட்டும். ஜெசிந்தா கேட்கட்டும். எழுந்து நின்று அந்த மூன்றையும் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தார். நாக்கு ஒத்துழைத்தது. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தார். கைபேசி அதிர்ந்தது. ஜெசிந்தா.

"ஏங்க, சாப்ட்டாச்சா?" குரல் கம்மியிருந்தது.

"இப்பதான் போறேன். என்ன, அழுதியா?"

"அண்ணன் போன் போட்டாவ. அரை மணி நேரம் பேசினாவ." மூக்கை உறிஞ்சினாள். "கார்டு குடுக்க மட்டும் வரலையாம். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம். அம்பயர் காட்டினத எழுதாம அந்தப் பய என்ன செய்வான், இத்தன வருசம் ஒரு நல்ல மனுசன வெறுத்துட்டேனே, மகளுக்குக் கல்யாணம் வச்சிட்டு இந்தப் பாவத்தோட பந்தியில நிக்க முடியாதுன்னு சொல்லி அழுதாவ. அண்ணன் அழுது நான் பார்த்ததே இல்ல."

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே நாலைந்து பேர் இவரைப் பார்த்தார்கள். இவர் ஏறவில்லை, கதவு மூடிக்கொண்டது.

"ஜெசிந்தா" என்றார்.

"ம்?"

மூன்று துண்டும் வாய்க்குள் வரிசையாக இருந்தன. அவள் மூச்சு விடுவது கேட்டது. சந்தோஷமாக இருக்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது. பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"மச்சான் பெரியவங்க" என்றார் தவசீலன். "அவங்க போய் மன்னிப்பு அது இதுன்னுக்கிட்டு. நான் எதையும் மனசுல வச்சுக்கலைன்னு சொல்லு."

"எனக்குத் தெரியும்லா. நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு அப்பவே அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்." இப்போது சிரித்தாள். "கோழி எடுக்கவா, மீன் வாங்கவா?"

அவர் லிஃப்ட் பொத்தானை மறுபடி அழுத்தினார்.

"மீனே வாங்கு. சீலா கெடச்சா நடுத்துண்டாப் பாத்து வாங்கு" என்றார். "அவனுக்கு அதுதான் பிடிக்கும்."